ஓட்டோ த்ரொட்டில்: டேக்-ஓஃப் நேரம் வலது எஞ்சின் துள்ளுது

ஹட்டன்ல, வீட்டிலேயே கட்டின போயிங் 737-800 சிமியுலேட்டர். டோகா (டேக்-ஓஃப் பவர் பட்டன்) அழுத்தினா என்1 (எஞ்சின் பவரை ஓட்டோ த்ரொட்டில் தானாப் பிடிக்கிற மோட்) வருது, ரெண்டு எஞ்சினும் ஒழுங்கா ஏறுது. 84 நொட் வேகத்துல த்ரஸ்ட் ஹோல்ட் மோட் வந்ததும் சிக்கல். அந்நேரம் ஓட்டோ த்ரொட்டில் கையை விட்டுடும், லீவர் சொல்றதுதான் எஞ்சினுக்கு. வலது பக்கம் மட்டும் 3, 4 சதவீதம் மேலும் கீழும் துள்ளுது. மேல ஏறி என்1 திரும்ப வந்ததும் அடங்கிடுது. பனிமூட்டம் இறங்கினா ரொம்ப மோசம், வெயில் நாள்ல ஒன்னுமில்ல.

ஒவ்வொரு லீவர்லயும் 10 கிலோ ஓம் லீனியர் பொட் (லீவர் நிலையை வோல்டேஜா மாத்துற பொட்டென்ஷியோமீட்டர்), அதைப் படிச்சு கம்பியூட்டருக்கு அனுப்புற சர்க்கிட் போர்ட் ஆர்டுயினோ லியோனார்டோ. கொன்டாக்ட் கிளீனர் அடிச்சாச்சு, வயர் மாத்தியாச்சு. பொட் ரெண்டையும் இடம் மாத்தினா கோளாறும் கூடவே போகுது, அதனால போர்ட் மேல சந்தேகமில்ல. கோட்ல சராசரி எடுத்தா துள்ளல் குறையும், லீவர் சோம்பலாயிடும்.

பொட்டுக்குப் பதிலா 5 வோல்ட் லீனியர் ஹால் சென்சர் (காந்தப்புலத்தை அளக்கிறது) போட்டா, 60 பாகை மட்டும் திரும்புற லீவருக்குக் காந்தத்தை எப்படிப் பொருத்தணும்?