அமர்வு முடிஞ்ச பிறகும் படபடப்பு அடங்குதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: கிண்ணியா_பயணி

நெருக்கீட்டு நினைவுகளை எடுத்துக் கதைக்கிற உளச்சிகிச்சை, கிழமைக்கு ஒருக்கா, திருகோணமலை டவுனில. பின்னேரம் 3 மணிக்கு முடியும். அதுக்குப் பிறகு நெஞ்சு படபடப்பு, கை குளிர்ச்சி, தோள் இறுக்கம். இரவு நித்திரையும் வராது. ஆழமா மூச்செடுக்கச் சொல்லுறாங்க. எடுத்தா தலை சுத்தி விரல் விறைக்குது. அதோட பஸ்ஸும் ஏறணும். உடம்பை எப்படி அடக்குறது?

பதில்: உப்புவெளி_காத்து

தலை சுத்துறதே அந்த ஆழ மூச்சாலதான். பெரிசா, அடுத்தடுத்து இழுத்தா இரத்தத்தில காபனீரொட்சைட்டு குறையும். மூளைக்குப் போற குழாய்கள் சுருங்கும், விரலும் உதடும் விறைக்கும். பயந்த உடம்பு அதையும் புது ஆபத்தெண்டு எடுத்துக்கொள்ளும்.

இதயத்தை மெதுவாக்குற வேகசு நரம்பு மூச்சை விடுற நேரத்திலதான் கூட வேலை செய்யும். மூக்கால 4 செக்கன், வழமையான அளவு காத்து மட்டும் எடுங்க. உதட்டைக் குவிச்சு 6 செக்கன் விடுங்க. நிமிசத்துக்கு 6 மூச்சு, 5 நிமிசம். தோள் மேல எழும்பினா அளவுக்கு மிஞ்சி இழுக்கிறீங்க. மூச்சை அடக்கிப் பிடிக்கிற முறைகள் இப்போதைக்கு வேண்டாம்.

பதட்டத்தில சுரக்கிற ஓமோன்களில அட்ரினலின் சில நிமிசத்தில குறையும். கோட்டிசோல் பாதியாகவே ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும், சிலவேளை அதுக்கு மேலயும். 5 நிமிசத்தில எல்லாம் அடங்காட்டி பயிற்சி பிழையெண்டு நினைக்க வேண்டாம்.

பதில்: ஓர்ஸ்ஹில்_வாசி

மேல சொன்னது சரி, ஆனா படபடப்பு மிஞ்சி நிக்கேக்க எண்ணிக்கொண்டு மூச்சுவிட ஏலாது. முதல்ல குளிர் தண்ணி. பேசினில குனிஞ்சு, நெத்தியில இருந்து கன்னம் வரை நனையுற மாதிரி 15 – 30 செக்கன் முகத்தை வையுங்க. நாடித்துடிப்பு இறங்கும். கச்சான் காத்தடிக்கிற மாதங்களில தாங்கித் தண்ணி சூடாத்தான் வரும், அதால பிரயோசனமில்லை; ஐஸ் கட்டியைத் துணியில சுத்திக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் மேல பிடிக்கலாம். இதய வருத்தம் இருக்கிறவங்க, புரோப்ரனலோல், அட்டெனலோல் மாதிரி நாடியைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவங்க இதைச் செய்யக்கூடாது.

தோளுக்கு: காதை நோக்கி உயர்த்தி 5 செக்கன் இறுக்கி, சடாரெண்டு விட்டு 15 செக்கன் சும்மா இருங்க. பிறகு கை முட்டி, தொடை, பாதம். முக்கால் பலத்தோட இறுக்கினாப் போதும், முழுப் பலமும் போட்டா பிடிச்சுக்கொள்ளும்.

இன்னொண்டு, பலர் தவறவிடுறது. சிலருக்குப் படபடப்பு வராது. உடம்பு மரத்து, சத்தமெல்லாம் தூரத்தில கேக்குற மாதிரி இருக்கும். அந்த நிலையில கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்தா இன்னும் ஆழமா உள்ள போயிடும். எழும்பி நடக்கணும், காலை நிலத்தில அழுத்தணும், தேசிக்காய் மணக்கணும்.

கிண்ணியா_பயணி

நன்றி. பஸ்ஸில கண்ணை மூடிச் சாய்ஞ்சு இருக்கலாமா? கன்னியா வெந்நீரூத்தில குளிச்சா நல்லதெண்டும் சொல்லுறாங்க.

பதில்: உப்புவெளி_காத்து

கண்ணை மூடினா அமர்வில வந்த காட்சிகள் திரும்பி வரும். யன்னல் ஓரம் இருந்து, சீனக்குடா வரும்வரை வெளிய தெரியுறதுகளை ஒவ்வொண்டாப் பேர் சொல்லுங்க: பனை, மதில், நீலச் சைக்கிள். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில போறவங்க அரை மணித்தியாலமாவது இருந்திட்டுத்தான் சாவியைத் தொடணும்.

கன்னியா உடனடியா வேண்டாம். சூடு இரத்தக் குழாய்களை விரிக்கும், வேர்த்துக் களைச்ச உடம்புக்குத் தலை சுத்தும். வெதுவெதுப்பான குளிப்பெண்டா வீட்டிலயே படுக்க 1 – 2 மணித்தியாலம் முந்தி வையுங்க. பிறகு உடம்பு குளிர்ற நேரம் நித்திரை வரும். 3 மணிக்குப் பிறகு கோப்பியும் தேத்தண்ணியும் குடிக்காம விடுங்க, கபேன் பாதி குறையவே 5 மணித்தியாலம் போகும். இளநி குடிக்கலாம்.

பதில்: ஓர்ஸ்ஹில்_வாசி

உளவளத்துணையாளரிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்க. கடைசி 10 – 15 நிமிசம் புது நினைவு எதையும் எடுக்காம, உடம்பை இறக்கவே ஒதுக்கச் சொல்லிக் கேக்கலாம். அது உங்கட உரிமை. ரெண்டு நாளாகியும் அடங்காட்டி அடுத்த அமர்வு வரை காத்திருக்காம அழையுங்க. சாக வேணும் எண்ட எண்ணம் வந்தா 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்க, இரவும் எடுப்பாங்க. நெஞ்சு நோ கைக்கோ தாடைக்கோ பரவினா மூச்சுப் பயிற்சி பாக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.