ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கையேடு: எங்கே சறுக்குகிறது என்று சொல்லுங்கள்

பாயான்_பாருவாசி:

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அங்கே என்ன சாப்பிடுவது? ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதி எழுதிக் கை வலித்து, கடைசியில் கையேடாகவே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு மட்டும் 30 பக்கம் வந்திருக்கிறது. 42 கடை, முகவரி, விலை, கடைக்கு ஒரு படம்.

போன மாதம் சின்னம்மா குடும்பம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றியது. ஊருக்குக் கிளம்பும்போது சித்தப்பா சொன்னார், "நல்லாத்தான் இருந்துச்சுப்பா, ஆனா பாதிக் கடை மூடிக் கிடந்துச்சு, மீதிக் கடையில என்ன கேக்கறதுன்னே தெரியல." அன்றிலிருந்து அதே யோசனை. ஒரு பத்தியை அப்படியே போடுகிறேன்:

"அசாம் லக்சா: பினாங்கின் புகழ்பெற்ற உணவு. புளிப்பும் காரமும் கலந்த தனிச்சுவை. கட்டாயம் ருசிக்க வேண்டும். விலை 7 வெள்ளி (ரிங்கிட்)."

எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்? தயங்காமல் சொல்லுங்கள்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:

தம்பி, நல்ல முயற்சி, அதனால்தான் நேராகச் சொல்கிறேன். அந்த லக்சா பத்தியைப் படித்தால் நம் ஊர் ரசத்துக்கும் அது பொருந்தும். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களா? கெம்போங் மீனை, அதாவது நம் கானாங்கெளுத்தியை, வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து அந்தக் குழம்பிலேயே போடுகிறார்கள். புளியோடு அசாம் கெப்பிங் என்று காய்ந்த துண்டும் சேரும், அது குடம்புளிக்குச் சொந்தக்காரன். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பொடியாக அரிந்த புங்கா கந்தான் என்ற இஞ்சி வகைப் பூ. கிண்ணத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டு போனால் முதலில் வருவது மீன் வாசம் இல்லை, அந்தப் பூவின் வாசம்தான். அப்புறம் ஒரு கரண்டியில் கறுப்பாகத் தேன் மாதிரி ஒன்று வரும். அது ஹே கோ, இறால் விழுது. அதைக் கரைத்தால்தான் புளிப்புக்கு ஓர் இனிப்பு சேரும். புதிதாக வருகிறவர்கள் அதை என்னவோ என்று ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் புளித்தண்ணியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்று, லக்சா என்றால் எல்லா ஊரிலும் ஒன்றில்லை என்று ஒரு வரி போடுங்கள். கோலாலம்பூரில் கறி லக்சா சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இங்கே தேங்காய்ப்பாலைத் தேடுகிறார்கள். ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸும் அப்படித்தான்: அங்கே கறுப்பாகப் பிரட்டியது, இங்கே இறால் சாறு ஊற்றிய சூப்.

மூடிக் கிடந்த கடை விஷயத்துக்கு வருகிறேன். கடை வரிசையை விட்டுவிட்டு நேர வரிசையாக எழுதுங்கள். காலையில் பசியாற என்ன, மதியம் என்ன, நாலு மணிக்கு என்ன, ராத்திரி என்ன. இங்கே ஒரே கோப்பிக் கடையில் காலையில் ஒருவர் அடுப்பு போடுவார், சாயங்காலம் அதே இடத்தில் வேறொருவர் வேறு பதார்த்தம் போடுவார். முகவரி மட்டும் கொடுத்தால் ஆள் போய் நின்று முழிப்பார். வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு, சரக்கு தீர்ந்தால் அத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள், இதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தாத்தாவின்_காண்டா:

ஸலாம். நாசி கண்டார் பக்கத்தில் "இந்திய முஸ்லிம் உணவு, பல வகைக் குழம்புகள்" என்று இரண்டு வரியோடு முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் மனசு கேட்காது. நாசி என்றால் சோறு, கண்டார் என்பது தோளில் போடும் காவுதடி. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு, துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்றது. எங்கள் தாத்தாவும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து அப்படிச் சுமந்தவர்தான், அவர் தோளில் தழும்பு இருந்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கேம்பல் தெருவில் ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. தமிழிலேயே எழுதும் கையேட்டில் இது இல்லாமல் போகலாமா? சூலியா தெரு என்ற பெயரே நம்மவர்களால் வந்ததுதான்.

சரி, கேட்கும் முறை. தட்டில் சோறு வாங்கி, வேண்டிய மீனையோ கோழியையோ கைகாட்டி எடுத்துக்கொண்டு, "குவா சம்பூர்" என்று சொல்லச் சொல்லுங்கள். நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். அந்தக் கலப்பில்தான் ருசி, ஒரே குழம்போடு எழுந்தால் நாசி கண்டார் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. நிறைய வேண்டும் என்றால் "பாஞ்சிர்", வெள்ளம் என்று அர்த்தம். விலையை எடுத்த பொருளை வைத்துத்தான் போடுவார்கள், பெரிய இறால், கணவாய், மீன் முட்டை எல்லாம் ஏறும், எடுக்கும் முன்பே "பெராப்பா?" என்று கேட்டுவிடலாம். ஆகவே 7 வெள்ளி, 9 வெள்ளி என்று அச்சடிப்பதை விட்டு, விலை எப்படிப் போடுகிறார்கள் என்பதை எழுதுங்கள். பசெம்பூருக்கும் (பொரித்த துண்டுகளும் காய்களும் கலந்தது) அதே கதை, துண்டுக்குத் துண்டு கணக்கு.

முக்கியமான ஒன்று: பட்டியலில் "டாகிங்" என்று இருந்தால் அநேகமாக மாட்டிறைச்சி, "கம்பிங்" ஆடு. தால்சாவைப் பருப்புக் குழம்பு என்று நம்பி ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு, அதில் எலும்பு போட்டு வேகவைத்திருக்கலாம். மாடு சாப்பிடாதவர்களுக்கு இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். எங்கள் கடைக்கு வந்து சாப்பிட்ட பிறகு தெரிந்து ஓர் அம்மா கண்கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன், அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

மதுரை_மீனா:

நான் வந்து போன ஆள், அதனால் வருகிறவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் மாமியார் சுத்த சைவம். எல்லோரும் "லிட்டில் இந்தியாவுக்குப் போ" என்று முடித்துவிட்டார்கள். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அங்கேயே இட்லி, தோசை சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது, ஆனால் மூன்று நாளும் இட்லி சாப்பிட விமானம் ஏற வேண்டுமா? ஒரு கடையில் "சயூர்" என்று கேட்டேன், பளபளவென்று கங்கோங் கீரை வந்தது. மாமியார் ஒரு வாய் வைத்தவுடன் கையை எடுத்துவிட்டார். பெலாச்சான், இறாலை அரைத்துக் காயவைத்தது. சயூர் என்றால் காய்கறி, சைவம் இல்லை. "தா மாவ் ஈக்கான், தா மாவ் ஊடாங், தா மாவ் பெலாச்சான்" (மீன், இறால், பெலாச்சான் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்ல வேண்டும் என்று மறுநாள்தான் ஒரு டாக்சிக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

சீனர்களின் சைவக் கடைகளை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அவற்றில் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது, மாமியாருக்கு அப்படியே ஒத்துவரும். அங்கேதான் அவர் முதல்முதலாகக் கொய்தியாவ் (தட்டை அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டார், பன்றிக்கொழுப்பு, சிப்பி எதுவும் இல்லாமல். தனிப் பக்கமாகவே போடுங்கள்.

அப்புறம் பெயர்க் குழப்பம். "புத்து மாயாம்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் புட்டு என்று வாங்கினால் இடியாப்பம்! தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவி. அப்போம் நம் ஆப்பம்தான். இந்த உறவுகளைச் சொன்னால் படிக்கிறவருக்கு நகரமே சொந்தமாகிவிடும்.

பாயான்_பாருவாசி:

நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். 42 கடையில் 15ஐத்தான் வைத்திருக்கிறேன், விலையை எல்லாம் எடுத்துவிட்டேன். நேர வரிசைக்கு மாற்றும்போதுதான் தெரிந்தது, காலை நேரத்துக்கு என்னிடம் இரண்டே இரண்டு கடைதான் இருந்தது. லக்சா இப்போது இப்படி:

"மத்தியானம் வெயில் ஏறியபின் அசாம் லக்சா. கானாங்கெளுத்தி உதிர்த்த புளிக்குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசியும் பூ வாசமும். பக்கத்தில் கரண்டியில் வரும் கறுப்பு விழுதை முதலில் பாதி மட்டும் கரையுங்கள், ருசி பார்த்துவிட்டு மீதியை. மீனும் இறாலும் இருப்பதால் சைவக்காரர்களுக்கு ஆகாது, அவர்கள் பக்கம் 9க்குப் போகலாம்."

காண்டா அண்ணே, தால்சா எச்சரிக்கை அட்டைக்கு உள்பக்கமே வந்துவிட்டது. கோப்பிக்கு மட்டும் ஒரு சந்தேகம், சர்க்கரை வியாதிக்காரர் எப்படிக் கேட்பது என்று எழுதலாமா?

ஆயர்ஈத்தாம்_அக்கா:

கட்டாயம் எழுதுங்கள் தம்பி. வெறும் "கோப்பி" என்றால் கெட்டிப்பால் இனிப்போடு வரும். "கோப்பி ஓ" பால் இல்லை, ஆனால் சர்க்கரை உண்டு. "கோப்பி ஓ கோசோங்" என்றால்தான் இரண்டும் இல்லை. தேநீருக்கும் இதே மாதிரி. சாப்பாடு அந்தந்த அடுப்புக்காரரிடம், கோப்பி, தேநீர் எல்லாம் கடைக்காரரிடம், காசும் தனித்தனியாக, அதையும் சேருங்கள்.

லக்சா பத்தி வாயூறுகிறது. பக்கம் 9இல் ஒன்று விட்டுப்போயிருக்கும்: சீன நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், பெரும்பாலும் அக்டோபரில், தெருவெல்லாம் மஞ்சள் கொடி கட்டிச் சைவம் விற்பார்கள். மீனாவின் மாமியாரை அடுத்த தடவை அப்போது கூட்டி வரச் சொல்லுங்கள்.