லேசான அறிகுறி என்றால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

கேள்வி (நீலவானம்):
அப்பாவுக்கு கொரோனா உறுதியாகிவிட்டது. காய்ச்சலும் இருமலும்தான், மூச்சுத்திணறல் இல்லை. வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார் டாக்டர். எதை வைத்து நிலைமை மோசமாகிறது என்று தெரிந்துகொள்வது? வயது 61, சர்க்கரையும் உண்டு.

பதில் (கடலோடி):
விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கிவிடுங்கள். நகப்பூச்சு இல்லாத, சில்லிட்டுப் போகாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து குறித்து வையுங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் உடனே டாக்டரிடம் பேசுங்கள், 90-க்குக் கீழே என்றால் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். இந்த நோயில் மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் குறையக்கூடும், அதனால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். முதல் வாரம் சும்மா இருந்துவிட்டு இரண்டாவது வாரத்தில் மோசமாகிறவர்களும் உண்டு.

பதில் (மழைத்துளி):
ஸ்டீராய்டை நீங்களாகத் தொடங்காதீர்கள். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் பலன் தந்தது, மற்றவர்களுக்கு இல்லை. சர்க்கரையையும் அது ஏற்றிவிடும்.

பதில் (தூரதேசி):
தனி அறை இல்லையென்றால், லேசான நோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் கொரோனா பராமரிப்பு மையம் பக்கத்தில் இருந்தால் நல்லது. 2020 பிப்ரவரியில் வூஹானில் விளையாட்டரங்குகளையும் கண்காட்சிக் கூடங்களையும் லேசான நோயாளிகளுக்காக மாற்றினார்கள். குடும்பத்துக்குத் தொற்றாது, மோசமானால் பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம். தூக்கம்தான் வராது!

நீலவானம்:
தனி அறை இருக்கிறது, ஜன்னலும் உண்டு. சரி, மீட்டர் இன்றே வாங்குகிறேன். சர்க்கரை மாத்திரையை அப்படியே தொடரலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன்.