சீன வைத்தியத்துல ஆகாயம் ஏன் இல்ல?

மாட்டுங்கா அக்கா:
இருமலுக்கு இங்க அக்குபங்சர் போறேன். கட்டைவிரலுக்குக் கீழ மணிக்கட்டு ரேகைல ஊசி குத்தி "நுரையீரலோட மண் புள்ளி"ன்னாங்க. நம்ம பஞ்சபூதத்துல காத்து, ஆகாயம் இருக்கே, அவங்க ஏன் மரம், உலோகம்ங்கிறாங்க? நுரையீரலுக்கு மண் எதுக்கு?

செம்பூர்வாசி:
அக்கா, நம்ம பஞ்சபூதம் உலகம் எதால ஆச்சுங்கிற கணக்கு, சீனாக்காரங்க அவங்க அஞ்சையும் 'சிங்'ம்பாங்க, அதுக்கு ஓட்டம்னு அர்த்தம், ஒண்ணு இன்னொண்ணைப் பெத்துக்கிட்டே போகும், மரம் எரிஞ்சு தீ, தீ சாம்பலாகி மண்ணு, மண்ணுக்குள்ள உலோகம், அதுல பனி பூத்துத் தண்ணி, தண்ணியில மறுபடி மரம். அவங்க கணக்குல நுரையீரல் உலோகம், அதுக்கு அம்மா மண்ணு. பிள்ளை சோர்ந்தா அம்மாவுக்கு ஊட்டம் குடுங்கிறது அவங்க விதி, அதான் மண் புள்ளில ஊசி. ரொம்ப அழகான யோசனை!

தாராவி தம்பி:
அக்கா, இருமல் 2 வாரம் தாண்டிருச்சுன்னா முதல்ல சளி டெஸ்ட், எக்ஸ்ரே எடுங்க. எங்க அண்ணனுக்கு டிபின்னு லேட்டாத்தான் தெரிஞ்சுது.

மாட்டுங்கா அக்கா:
3 வாரம் ஆச்சு தம்பி, நாளைக்கே போறேன்.