கதிர் காயவில்லை, மழையும் விடவில்லை

அத்தை: படம் பாருங்கள். விதையைத் தானியமாக எடுக்கப் போட்ட அமராந்த் கீரை ஆளுயரம் நிற்கிறது. ஆனால் மூன்று நாளாக மழை. கதிர் ஊறிக் கிடக்கிறது.

தம்பி: கீரை கேட்டால் மரம் வளர்த்திருக்கிறீர்கள் அத்தை!

பெரியப்பா: கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாயா?

அத்தை: தேய்த்தேன் அண்ணா. கையெல்லாம் சிவப்பு உமி. நடுவே கசகசா மாதிரி வெளிறிய விதை ஏழெட்டு உதிர்ந்தது.

பெரியப்பா: கடித்துப் பார்.

அத்தை: ஒன்று நறுக்கென்று உடைகிறது. ஒன்று மாவாக நசுங்குகிறது.

பெரியப்பா: அப்படியென்றால் பாதி முற்றிவிட்டது. செடியிலேயே காயட்டும் என்று இருந்துவிடாதே. வறண்ட ஊரில் உறைபனி விழுந்து செடி கருகும், கதிர் தானாகக் காயும். குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கதிரில் பூசணம்தான் பிடிக்கும்; விதை அங்கேயே முளைத்தும்விடும். மழை விட்டதும் வெட்டிவிடு. குவித்து வைக்காதே, சூடேறிக் கெட்டுவிடும். துணியில் மெல்லிதாகப் பரப்பி விசிறி போடு.

நான்: அத்தை, எப்போது விதைத்தீர்கள்?

அத்தை: குளிர் விட்டதும் நேராக மண்ணில் தூவினேன். பாதி முளைக்கவே இல்லை.

பெரியப்பா: முளைக்காதுதான். மக்காச்சோளம் போல வெப்பம் கேட்கிற செடி இது. மண் 15 டிகிரியையாவது தாண்ட வேண்டும். அடுத்த முறை வீட்டுக்குள் தட்டில் நாற்று விட்டு நடு, சில வாரம் மிச்சமாகும். பாக்கெட்டில் என்ன வகை போட்டிருக்கிறது?

அத்தை: அமராந்தஸ் ஹைப்போகாண்ட்ரியாகஸ். பெயரைப் படிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

பெரியப்பா: அதில் பல ரகங்கள் பகல் குறைந்த பிறகுதான் பூக்கும். கோடையில் பகல் நீண்ட ஊரில் தாமதமாகிவிடும். அமராந்தஸ் குருயெண்டஸ் என்று இன்னொரு இனம் உண்டு, அதில் சீக்கிரம் முற்றும் ரகமாகத் தேடு.

தம்பி: பேசாமல் கினோவா தானியம் போட்டிருக்கலாமே?

பெரியப்பா: குளிரை அது இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் அதுவும் கதிரிலேயே முளைக்கும். கசப்புப் போகக் கழுவ வேறு வேண்டும். கீரை விதைக்கு அந்தப் பாடு இல்லை.

அத்தை: வெட்டிவிட்டேன் அண்ணா. கட்டிலில் போர்வை விரித்துப் பரப்பி, விசிறியும் ஓடுகிறது. எங்கே படுப்பது என்று மாமா கேட்கிறார்.

பெரியப்பா: விசிறியை நேராகத் திருப்பாதே. விதையெல்லாம் பறந்துவிடும்.

அத்தை: ஏற்கெனவே அவர் தலையில் கொஞ்சம் இருக்கிறது.