ஜெனரேட்டர் திடீரென்று நின்றதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தை:
2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் கிழமைகளில் எங்கள் தொடர்மாடி ஜெனரேட்டர் கேனில் கிடைத்த டீசலில்தான் ஓடியது. ஒரு நாள் இழுத்து இழுத்து நின்றது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு அதை அழுத்தித் தள்ளுகிற இன்ஜெக்டர் பம்ப் போய்விட்டது என்று கமிட்டியே தீர்ப்பு எழுதிவிட்டது. ஒருவர் விலைகூட விசாரித்தார்! திருத்த வந்த மெக்கானிக் பாஸ் பம்பைத் தொடவேயில்லை. பில்டருக்கு அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்கு டோர்ச் அடித்தார். மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் கறுப்பாக வழுவழுவென்று ஒரு படை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்தால் அப்படித்தான் இருக்குமாம்.

பாதி வேலையை அந்தக் கிண்ணமே செய்துவிடுகிறது. உள்ளே வரும் டீசல் சுழலும்போது, அதைவிடப் பாரமான தண்ணீர்த் துளிகளும் மண்ணும் ஒதுங்கி அடியில் இறங்குகின்றன. மிஞ்சும் தூசிக்குத்தான் மேலேயுள்ள காகித பில்டர். கிண்ணத்தைக் காலி செய்யாமல் பில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் போகும்.

தண்ணீரை இறக்கிப் புது பில்டர் போட்டும் எஞ்சின் பிடிக்கவில்லை. இந்த முறை காற்று. குழாயில் காற்று நின்றால் பம்ப் அதையே அமுக்கிக்கொண்டிருக்கும், இன்ஜெக்டர் திறக்கிற அளவு அழுத்தம் ஏறாது. பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்க அமுக்க நுரை வந்தது. குமிழி நின்று வெறும் டீசல் வழிந்த பிறகுதான் திருகை இறுக்கினார். அடுத்த ஸ்டார்ட்டில் பிடித்துக்கொண்டது.

முகத்துவாரம்:
படகு வைத்திருக்கிறோம், எங்களுக்கு உப்புத் தண்ணீர் வேறு. இன்ஜெக்டரில் துரு ஏறிவிடும். துணியால் வடித்தால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். துணி மண்ணைப் பிடிக்கும், தண்ணீர் டீசலோடு போய்விடும். கேனை இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, மேலிருந்து குழாய் போட்டு எடுங்கள். அடியில் கிடப்பதில் ஆசை வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:
கேன் டீசல் மட்டுமல்ல, பாதியாகக் கிடக்கும் தாங்கியும் காரணம். கடற்காற்றின் ஈரம் உள்ளே போய், இரவில் தகரம் குளிரும்போது வியர்த்து இறங்கும். நாங்கள் ஜெனரேட்டரை ஓட்டாவிட்டாலும் தாங்கியை நிரப்பி வைக்கிறோம்.

அப்புறம், கிண்ணத்திலிருந்து இறக்கியதை வீட்டு வாசல் கானில் ஊற்றிவிடாதீர்கள், அது கால்வாய்க்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, கழிவு எஞ்சின் ஒயில் எடுக்க வருபவரிடம் கொடுக்கலாம்.