கடின மரத்தில் இடைவெளி விழாத 45 டிகிரி வெட்டு: எந்த ரம்பம் வாங்கலாம்?

நீள்கோடு:
ஈட்டி மரத்தில் படச்சட்டம் செய்துகொண்டிருக்கிறேன். கட்டை 40 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன். பைன் மரத்தில் பழகியபோது சாதாரணக் கை ரம்பமும் பிளாஸ்டிக் மைட்டர் பெட்டியும் (ரம்பத்தை 45 டிகிரியில் வழிநடத்தும் பிளவுள்ள பெட்டி) போதுமாக இருந்தன. ஈட்டியில் அப்படி இல்லை. ரம்பம் பாதி இறங்கியதும் ஒரு பக்கமாக ஓடுகிறது, மூலை சேரவே மாட்டேன் என்கிறது. பெட்டியின் பிளவும் பிளேடைவிட அகலமாக இருப்பதால் ஆட்டம் வேறு. மின்சார மைட்டர் ரம்பம், ஜப்பானிய இழு ரம்பம், முதுகில் பட்டை வைத்த டெனான் ரம்பம் மூன்றையும் பார்த்தேன். ஒன்றுதான் வாங்க முடியும். எதை எடுக்கலாம்?

சுழல்வாள்:
மின்சார மைட்டர் ரம்பம்தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதோடு வரும் பிளேடை நம்பாதீர்கள். பற்கள் குறைவான பிளேடு வேகமாக வெட்டும், கடின மரத்தின் ஓரத்தைப் பிய்த்துவிடும். 10 அங்குல ரம்பம் என்றால் 80 பல் பிளேடு போடுங்கள். பற்கள் முன்னால் அதிகம் சாய்ந்திருக்கக் கூடாது. சாய்வு பூஜ்யத்தை ஒட்டியோ கொஞ்சம் பின்னோக்கியோ இருந்தால் மரத்தை இழுக்காமல் வெட்டும். அப்புறம், கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 45 டிகிரியில் வெட்டும்போது பிளேடு கட்டையைத் தாங்குசுவர் ஓரமாக நகர்த்தப் பார்க்கும். கையால் பிடித்தால் மயிரிழை நகர்ந்தாலும் கோணம் போச்சு.

சீவுளி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. இயந்திரத்தின் 45 குறி கால் டிகிரி தப்பாக இருந்தால் எட்டு வெட்டிலும் சேர்ந்து 2 டிகிரி. மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்தால் அவ்வளவும் நான்காவது மூலையில் வந்து நிற்கும். 40 மி.மீ. கட்டையில் வெட்டுமுகம் ஏறக்குறைய 56 மி.மீ. நீளம்; 2 டிகிரிக்கு அங்கே கிட்டத்தட்ட 2 மி.மீ. வாய் பிளக்கும். எந்த ரம்பமாக இருந்தாலும் வேலையை முடித்துக் கொடுக்காது, பக்கத்தில்தான் கொண்டுபோய் விடும். கோட்டுக்கு அரை மி.மீ. வெளியே டெனான் ரம்பத்தால் அறுங்கள், மீதியை இழைப்புளி பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு ஷூட்டிங் போர்டு வேண்டும்: தட்டையான பலகை, அதன் மேல் சரியாக 45 டிகிரியில் திருகிய தடுப்புக் கட்டை. சட்டக்கட்டையைத் தடுப்போடு அணைத்துப் பிடித்து, இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஓட்ட வேண்டும். நன்றாகத் தீட்டிய அலகு என்றால் காகிதம் மாதிரி சீவல் வரும்.

சுழல்வாள்:
குறி தப்பாக இருந்தால் அது சரிசெய்யாதவரின் தவறு, இயந்திரத்தின் தவறு அல்ல. வீண் கட்டை ஒன்றை 45-இல் இரண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டைப் புரட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்து மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இருக்கும் பிழை இரண்டு மடங்காகத் தெரியும். திருத்துங்கள், மறுபடி வெட்டுங்கள். ஒருமுறை சரியாகிவிட்டால் நூறாவது வெட்டும் முதல் வெட்டு மாதிரியே வரும். கையால் அதைச் செய்ய முடியுமா?

மெல்லிழை:
இழு ரம்பத்துக்காகவும் ஒருவர் பேச வேண்டும். இழுக்கும்போது பிளேடு விறைத்து நிற்கும், அதனால் அதை மெல்லியதாகவே செய்ய முடிகிறது. முதுகுப்பட்டை வைத்த இழு ரம்பமான டொசுகியின் பிளேடு சுமார் 0.3 மி.மீ. தடிமன்தான் இருக்கும். தடம் குறுகல், வெட்டுமுகம் வழவழப்பு. கோட்டின் மேலேயே அறுக்கலாம்.

சீவுளி:
மெல்லிழை, அந்த ரம்பத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது வளர்ந்தது சுகி, ஹினோகி போன்ற மென்மரங்களோடு. அந்த நுண்பற்களை ஈட்டியில் வைத்து அழுத்தினால் உடையும். பழக்கதோஷத்தில் ஒருமுறை முன்னால் தள்ளி மூன்று பற்களை இழந்திருக்கிறேன். பல்முனை கடினமாக்கப்பட்ட பிளேடு என்றால் அரம் போட்டுத் தீட்டவும் முடியாது, பிளேடையே மாற்ற வேண்டும். பல் கடினமாக்கப்படாத டெனான் ரம்பத்தை வாழ்நாள் முழுக்கத் தீட்டலாம். அங்குலத்துக்கு 12 முதல் 14 பல், குறுக்கு அறுப்புக்குத் தீட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். நீள அறுப்புப் பல் நாரைக் கிழிக்கும்.

மெல்லிழை:
கடின மரத்துக்கென்றே பல் அமைத்த இழு ரம்பங்களும் கிடைக்கின்றன. அழுத்தாமல் ரம்பத்தின் எடையிலேயே விட்டால் பல் உடையாது. ஆரம்பத்தில் கை அவசரப்படும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பழையமரம்:
ஒன்றைக் கேட்கிறேன், மரம் உலர்ந்ததா? மரம் அகலவாக்கில்தான் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. ஈர மரத்தில் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும், காய்ந்ததும் மூலையின் உள்பக்கம் திறந்துகொள்ளும். ஈரம் ஏறினால் வெளிப்பக்கம் திறக்கும். கட்டை அகலமாக ஆக இது கூடும்.

நீள்கோடு:
உலர்ந்த மரம்தான், பல வருடம் அடுக்கி வைத்திருந்தது. என் அறை சிறியது, தூளும் சத்தமும் ஒத்துவராது என்பதால் டெனான் ரம்பம் வாங்கினேன், ஷூட்டிங் போர்டும் செய்தேன். சுழல்வாள் சொன்ன புரட்டிப் பார்க்கும் சோதனையைப் போர்டுக்கே வைத்தேன். தடுப்பின் முகத்தில் ஒரு முனையில் காகிதத் துண்டு ஒட்டியதும் மட்டம் சரியாக உட்கார்ந்தது. மூன்று மூலைகள் அருமையாக மூடின. நான்காவதில் மட்டும் ஒரு அட்டை நுழைகிறது. கோணம் எட்டிலும் சரி. என்ன விட்டுப்போச்சு?

சீவுளி:
எதிரெதிர்க் கட்டைகளை முதுகோடு முதுகு சேர்த்து, ஒரு நுனியைச் சமன் செய்து, மறுநுனியை விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று நீளமாக இருக்கும்.

நீள்கோடு:
இருக்கிறது. அரை மி.மீ.

சுழல்வாள்:
இதற்குத்தான் நிறுத்துக்கட்டை என்பது, கட்டையின் நுனி முட்டி நிற்கும் தடை. இயந்திரத்தில் அதை ஒருமுறை பொருத்திவிட்டால் இரண்டு கட்டையும் ஒரே நீளம், தடவிப் பார்க்கவே வேண்டியதில்லை. அடுத்து பத்து சட்டம் செய்யப்போகிறீர்கள் என்றால் மறுபடி யோசியுங்கள்.

சீவுளி:
நிறுத்துக்கட்டையை ஷூட்டிங் போர்டிலும் திருகலாம். இப்போதைக்கு நீளமான கட்டையை மட்டும் சீவுங்கள். நான்கு சீவலுக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அதிகம் எடுத்துவிட்டால் எதிர்க்கட்டையையும் குறைக்க வேண்டிவரும்.

நீள்கோடு:
ஏழு சீவல் ஆனது. மூடிவிட்டது. பசை போட்டு வார்க்கட்டு இறுக்கியிருக்கிறேன், நாளை அவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.